நடக்கும் காலும் பின்னும் கையும்

பிரான்ஸின் தென்மேற்கில், போர்தோ நகருக்குத் தெற்கே லாந்த் என்றொரு சமவெளி இருக்கிறது. இப்போது அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் பைன் மரங்கள். 1857இல் மூன்றாம் நெப்போலியனின் அரசு சட்டம் போட்டு வடிகால் வெட்டி மரம் நடவைக்கும் வரை, அது மழைக்காலத்தில் நீர் வடியாத வெறும் தரிசு, புதரும் சேறும். அங்கே ஆடு மேய்த்தவர்கள் பொய்க்கால் கட்டி நடந்தார்கள். கால் சேற்றில் புதையாது, தூரத்தில் விலகும் ஆடும் கண்ணில் படும். கையிலுள்ள நீளக் கழியை இடுப்புக்குப் பின்னால் முட்டுக்கொடுத்துவிட்டால் அது மூன்றாவது கால். அதில் சாய்ந்து மணிக்கணக்கில் நிற்கலாம். நின்றபடி அவர்கள் கம்பளி நூலில் காலுறை பின்னினார்கள். பழைய படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் திரும்பத் திரும்ப வரும் காட்சி அது: கீழே மந்தை, மேலே அந்தரத்தில் ஒரு மனிதர், அவர் கையில் ஊசிகள்.

வேடிக்கை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளில் பெண்கள், அடுப்பெரிக்கும் மக்குமண் கட்டிகளைக் கூடையில் நிரப்பி முதுகில் சுமந்து வரும் வழியெல்லாம் பின்னினார்கள். இங்கிலாந்தின் டெண்ட் பள்ளத்தாக்கில் ஆண், பெண், குழந்தை என்று ஊரே பின்னியதை, அங்கே 1785இல் பிறந்த ஆடம் செட்ஜ்விக் தன் முதுமையில் எழுதிவைத்திருக்கிறார். பூமியின் வரலாற்றில் கேம்பிரியன் காலத்துக்குப் பெயர் வைத்தவர், இளைஞர் டார்வினைக் கூட்டிப்போய்ப் பாறைகளைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். பெரு நாட்டில், கடல்மட்டத்துக்கு 3,800 மீட்டர் உயரத்தில் டிட்டிகாக்கா ஏரியில் இருக்கும் டக்கீலே தீவில் குல்லா பின்னுவது இன்றும் ஆண்களின் வேலை. மேட்டுப் பாதையில் ஏறிக்கொண்டே பின்னுவார்கள். போட்டிருக்கும் குல்லாவை வைத்தே ஒருவர் மணமானவரா இல்லையா என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அந்தத் தீவின் துணிக்கலையை யுனெஸ்கோ 2005இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது.

இவர்கள் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆனாலும் வழிநடையில் கையில் எடுத்தது ஒரே தொழில். அதில் செய்ததும் பெரும்பாலும் சின்னச் சாமான்கள்: காலுறை, குல்லா, கையுறை, மணிக்கட்டுப் பட்டை. நெசவை ஏன் எடுக்கவில்லை? போர்வை ஏன் பின்னவில்லை? மூட்டையில் இடம் இல்லை என்பது சரிதான், ஆனால் அது மட்டும் காரணம் என்றால் எனக்குச் சமாதானம் ஆவதில்லை.

நெசவுக்குப் பாவு வேண்டும். நூற்றுக்கணக்கான இழைகள் ஒரே சமயத்தில், ஒரே விறைப்பில் நேராக நிற்க வேண்டும். அந்த விறைப்பைத் தாங்குவது தறியின் சட்டம், குழித்தறியானால் பூமியே. நாடோடிகளும் தறியைக் கழற்றி ஒட்டகத்தில் ஏற்றிப் போனதுண்டு. ஆனால் நெய்யவேண்டும் என்றால் இறங்கி, முளையடித்து, பாவை இழுத்துக் கட்டித்தான் ஆகவேண்டும். பின்னலுக்குப் பாவு கிடையாது. ஒற்றை நூல் ஒரு கண்ணியாக வளைந்து, கீழ்வரிசைக் கண்ணிக்குள் புகுந்து, மேல்வரிசைக் கண்ணிக்கு வழிவிட்டு நிற்கிறது. எந்த நேரத்திலும் விறைப்பாக இருக்கவேண்டியது விரலுக்கும் ஊசிமுனைக்கும் நடுவிலுள்ள சில அங்குல நூல் மட்டும்.

இதைப் பார்க்க ஷெட்லாந்து வரை போகவேண்டாம். போட்டிருக்கும் பனியனை வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் கவட்டை வடிவக் கண்ணிகள் நெடுக வரிசை கட்டி நிற்பது தெரியும். திருப்பூரின் வட்டப் பின்னல் எந்திரம் ஆயிரக்கணக்கான ஊசிகளால் செய்வதும், மேய்ப்பர் சில ஊசிகளால் செய்ததும் அதே கண்ணிதான். 1589இல் இங்கிலாந்தின் வில்லியம் லீ காலுறை பின்னும் எந்திரத்தைச் செய்தபோது புதிய துணி எதையும் கண்டுபிடிக்கவில்லை. கையின் அசைவை இரும்புக்கு மாற்றினார், அவ்வளவுதான்.

அந்தச் சில அங்குல நூலுக்கு வருவோம். அதன் விறைப்பு கூடினால் கண்ணி இறுகும், குறைந்தால் தளரும். நடக்கிறவருக்கு ஒவ்வோர் அடியிலும் உடல் குலுங்குகிறது. நூலுருண்டையோ பையில் புரள்கிறது. ஆண்டிஸ் மலையில் பின்னுபவர்கள் பலர் நூலைப் பிடரியைச் சுற்றிக் கொண்டுவருகிறார்கள். போர்த்துகலிலும் அந்தப் பழக்கம் உண்டு. மற்றவர்கள் ஆள்காட்டி விரலிலோ சுண்டுவிரலிலோ ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்கிறார்கள். இந்தச் சுற்றுக்குள் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டிலேயே கணிதவியலாளர் ஆய்லர் போட்ட கணக்கு. துறைமுகத்தில் ஒற்றை ஆள் கம்பத்தில் கயிற்றைச் சுற்றிக் கப்பலை நிறுத்துவதை விளக்குவதும் அதுதான். உருளையைச் சுற்றிய கயிற்றின் ஒரு முனையில் உள்ள இழுவிசை, மறுமுனையில் பல மடங்காகிறது. எத்தனை மடங்கு என்பதை உராய்வும் சுற்றிய கோணமும் மட்டும் தீர்மானிக்கின்றன. உராய்வு எண் 0.3 என்று வைத்துக்கொண்டால் அரைச்சுற்றில் சுமார் இரண்டரை மடங்கு, முழுச் சுற்றில் 6.6 மடங்கு, இரண்டு சுற்றில் 43 மடங்கு. உருளை பருமனா ஒல்லியா என்பது கணக்கிலேயே வராது. சுண்டுவிரலும் ஒன்றுதான், கழுத்தும் ஒன்றுதான். பையிலுள்ள உருண்டையின் லேசான இழுப்பே ஊசிமுனையில் போதிய விறைப்பாகிவிடுகிறது. தறிச்சட்டத்தின் வேலையை ஒரு விரலின் தோல் செய்கிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. உராய்வு இந்தக் கணக்கில் அடுக்குக்குறியில் உட்கார்ந்திருக்கிறது. அது 0.3இலிருந்து 0.4 ஆனால், ஒரு சுற்றின் பலன் 6.6 மடங்கிலிருந்து 12 மடங்குக்குத் தாவிவிடும். கம்பளி நூல் பாடப்புத்தக விதிக்கு அட்சரசுத்தமாக அடங்காது என்றாலும் போக்கு இதுதான். கடற்கரை ஊரின் புழுக்கத்தில் விரல் பிசுபிசுக்கிறது, மலையில் தோல் வறண்டு கிடக்கிறது. ஒரே ஆள், ஒரே நூல், ஒரே ஊசி, ஆனால் கண்ணியின் அளவு மாறுகிறது. ஊர் மாறியதும் மறுபடி ஒரு சின்ன மாதிரித் துண்டு பின்னி அளந்து பார்ப்பவர்களை மெனக்கெடுகிறார்கள் என்று கேலி செய்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

ஷெட்லாந்துப் பெண்கள் இன்னொரு ஏற்பாடும் செய்துகொண்டார்கள். இடுப்பில் ஒரு தோல்பட்டை, அதில் குதிரைமயிர் அடைத்த சிறு திண்டு, திண்டு நிறையத் துளைகள். வலது ஊசியின் பின்முனையைத் துளையொன்றில் செருகிவிடுவார்கள். தொங்கும் துணியின் எடையும் அது ஊசியைத் திருப்பப் பார்க்கும் திருகலும் இடுப்புக்குப் போய்விடும். ஊசி உடலோடு சேர்ந்தே குலுங்குவதால் கைக்கும் ஊசிக்கும் இடையில் ஆட்டம் இல்லை. ஊசியைப் பிடிக்கும் வேலை போனதும் வலக்கை நூலை ஊசியில் சுற்றுவதற்கு மட்டும் என்றாகிறது, வேகம் கூடுகிறது. முதுகில் பாரம், பாதையில் கண், விரலில் வேலை. அதே காரியத்துக்கு டெண்ட் பகுதியில் மரத்தில் செதுக்கிய உறையை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். காதலிக்குப் பரிசாகக் கொடுக்கவென்று இளைஞர்கள் அதில் நுணுக்கமாக வேலைப்பாடு செய்திருக்கிறார்கள்.

வழியில் செய்யும் வேலையை எந்த நொடியும் நிறுத்த முடியவேண்டும். ஆடு ஓடும், மழை வரும். பின்னலில் திறந்திருப்பது ஊசிமேல் உள்ள ஒரே வரிசைதான். அதற்குக் கீழே எல்லாம் பூட்டிக் கிடக்கிறது. எங்கே விட்டோம் என்று எழுதிவைக்கத் தேவையில்லை, துணியே சொல்லும். ஒரு கண்ணி நழுவினால் அதன் நேர்க்கீழே ஏணிப்படி போலப் பிரியுமே தவிர பக்கத்தில் பரவாது. ஒரு கொக்கியால் படிப்படியாக மேலே ஏற்றிவிடலாம்.

இந்த எளிய கட்டமைப்பை இயற்பியலாளர்கள் அக்கறையாகப் பார்க்கத் தொடங்கியது அண்மையில்தான். கம்பளி நூலை இழுத்தால் கொஞ்சம்தான் நீளும். அதே நூலில் பின்னிய துணி தாராளமாக நீண்டு திரும்பும். 2018இல் ‘பிசிக்கல் ரிவியூ எக்ஸ்’ இதழில் பிரெஞ்சு இயற்பியலாளர்கள் மூவர் இதற்கு ஒரு மாதிரி கொடுத்தார்கள்: நூலின் மொத்த நீளம் மாறுவதில்லை, கண்ணிகள் ஒன்றையொன்று கோத்திருக்கும் விதமும் மாறுவதில்லை, வளைவுகள் மட்டும் நிமிர்ந்தும் குனிந்தும் இடம் மாறுகின்றன. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் எலிசபெட்டா மட்சுமோட்டோவின் குழு 2024இல் இன்னொரு படி போனது. கண்ணியை முன்பக்கமாக இழுத்தால் ‘நிட்’, பின்பக்கமாகத் தள்ளினால் ‘பர்ல்’. ஸ்வெட்டர் பின்னக் கற்ற எந்தக் கைக்கும் தெரிந்த இந்த இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கினாலே, ஒரே நூலில் விறைப்பான துணியும் வரும், தொளதொளவென்று நீளும் துணியும் வரும் என்பதை அளந்து காட்டினார்கள். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று பத்திபத்தியாகப் போட்டால் துணி சேலைக் கொசுவம் போல உள்ளுக்கு மடிந்து நிற்கும், இழுத்தால் விரியும். காலுறையின் வாயும் குல்லாவின் விளிம்பும் எலாஸ்டிக் இல்லாமல் பிடித்து நிற்பது இதனால்தான்.

இனி, சின்னச் சாமான்கள் ஏன் என்ற கேள்வி. குளிரில் நம் உடல் எல்லா உறுப்பையும் ஒன்றாக நடத்துவதில்லை. விரல், உள்ளங்கை, பாதம், காது, மூக்கு ஆகிய இடங்களில் தமனியிலிருந்து சிரைக்கு நேராகப் போகும் குறுக்கு இணைப்புகள் தோலடியில் ஏராளம். வெயிலில் அவை திறந்து வெப்பத்தை வெளியே கொட்டுகின்றன. குளிர்ந்தால் இறுக மூடிக்கொள்கின்றன. இதயத்தையும் மூளையையும் காப்பாற்ற உடல் விரல்களைக் கைவிடுகிறது. அதனால்தான் மலையூரில் மார்பு குளிர்வதற்கு முன்பே விரல் மரத்துப்போகிறது. அந்த ஓரங்களைக் காக்கச் சில பத்து கிராம் கம்பளி போதும். சுமக்கும் எடைக்குக் கிடைக்கும் பலனைப் பார்த்தால் இன்னொரு போர்வை இதற்குக் கிட்ட வராது.

உடம்பின் வெப்பத்தில் பாதி தலைவழியே போகிறது என்று ஒரு பேச்சு உண்டு. அது தப்பு. உடல் முழுவதும் கவச உடை போட்டுத் தலையை மட்டும் திறந்துவிட்ட பழைய அமெரிக்க ராணுவச் சோதனையிலிருந்து கிளம்பிய கதை அது. வேறு திறப்பே இல்லாதபோது வெப்பம் தலைவழியேதான் போகும். 2008இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் ரேச்சல் வ்ரீமன், ஆரன் கரோல் என்ற இரு மருத்துவர்கள் இதை மருத்துவக் கட்டுக்கதைகளில் ஒன்றாகப் பட்டியலிட்டார்கள். பெரியவர்களின் தலை உடற்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. வெப்ப இழப்பும் அந்த அளவில்தான். ஆனால் குல்லா வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. விரலில் சுருங்குவதுபோல உச்சந்தலையின் ரத்தக்குழாய்கள் குளிரில் சுருங்குவதில்லை. காதும் முகமும் குளிரைக் கூர்மையாக உணர்கின்றன. கழுத்துத் திறப்பு வழியாக உடைக்குள்ளிருக்கும் சூடான காற்று ஒவ்வோர் அசைவிலும் வெளியேறுகிறது. மஃப்ளர் அதை அடைக்கிறது. பத்ரிநாத்துக்குப் புறப்படும் பெரியவர்கள் போடும் மங்கி குல்லாவை நாம் கேலி செய்கிறோம். 1854இல் கிரிமியப் போர்க்களத்தில் நடுங்கிய சிப்பாய்களுக்குப் பின்னி அனுப்பிய குல்லாக்களின் வழிவந்தது அது. தலை, காது, கழுத்து மூன்றையும் தையலே இல்லாத ஒரு குழாயால் மூடும் அந்த வடிவத்துக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

கையுறையில் இன்னொரு சிக்கல். விரல் ஒல்லியான உருளை. அதன்மேல் கம்பளியின் தடிமனைக் கூட்டக்கூட, வெப்பத்தைக் கொட்டும் வெளிப்பரப்பும் வேகமாகக் கூடுகிறது. ஓரளவுக்கு மேல் தடிப்பாக்கிப் பயன் அதிகம் இல்லை. நான்கு விரலையும் ஒரே பைக்குள் போடும் கையுறை, மெல்லிதாக இருந்தாலும் ஐவிரல் கையுறையைவிடச் சூடாக இருப்பது இதனால்தான். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு கயிறு முடிய முடியாது, ஊசியும் பிடிக்க முடியாது. வேலைக்காரர்கள் கண்ட சமரசம் விரல்நுனி திறந்த கையுறை, அல்லது மணிக்கட்டுப் பட்டை. மணிக்கட்டில் சதையோ கொழுப்போ அதிகம் இல்லை. விரலுக்குப் போகும் ரத்தம் அங்கே தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. நாடி பார்க்க வைத்தியர் அங்கே விரல் வைப்பதும் அதனால்தான்.

கம்பளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சூடு தருவது கம்பளி அல்ல, அது சிறைப்பிடிக்கும் காற்று. கம்பளி இழையின் உள்ளே இரண்டு பாதிகள், குணத்தில் சற்று வேறானவை. அதனால் இழை தானாகவே சுருண்டு நிற்கிறது. சுருண்ட இழைகள் நெருங்கிப் படுப்பதில்லை, இடையில் காற்று தங்குகிறது. நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும் என்பதால் நனைந்த பருத்தி குளிரில் ஆபத்தானது. கம்பளியோ தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை நீராவியை இழைக்குள் இழுத்துக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. இழுக்கும்போது கொஞ்சம் வெப்பத்தையும் விடுகிறது. ஷெட்லாந்தை ஒட்டிய ஃபேர் தீவின் பின்னலில் ஒரு வரிசைக்கு இரண்டு நிறம் வரும். பயன்படாத நிறத்தின் நூல் பின்பக்கமாகக் கிடந்து போகும். பார்வைக்கு அலங்காரம், உள்ளே இன்னொரு காற்றடுக்கு.

சின்னது என்றால் எளிது என்று நினைக்கக் கூடாது. ஸ்வெட்டரின் உடம்பு நேரான குழாய். குல்லாவுக்கு உச்சி வேண்டும், காலுறைக்குக் குதிகால் வேண்டும். தட்டையான கண்ணிகளிலிருந்து வளைவை வரவழைக்கவேண்டும். அதுவும் மேசையோ வரைதாளோ இல்லாமல். தலைச்சுற்று 56 செ.மீ. என்று வைப்போம். நழுவாமல் பிடிக்கக் குல்லா 10 முதல் 15 சதவீதம் சிறிதாக இருக்கவேண்டும், 48 செ.மீ. போதும். நடுத்தரப் பருமன் நூலில் 10 செ.மீ. அகலத்துக்கு 20 கண்ணி, 10 செ.மீ. உயரத்துக்கு 28 வரிசை வரும். ஆக 96 கண்ணி. நேராக மேலே பின்னிக்கொண்டு போய் உச்சியை மூடவேண்டிய இடத்தில் கேள்வி வருகிறது: வரிசைக்கு எத்தனை கண்ணி குறைப்பது?

தட்டையான வட்டத்தில் ஆரம் 1 செ.மீ. குறைந்தால் சுற்றளவு 6.28 செ.மீ. குறையும். ஒரு வரிசையின் உயரம் 0.36 செ.மீ.; எனவே வரிசைக்குச் சுமார் 2.2 செ.மீ., அதாவது நாலரைக் கண்ணி குறையவேண்டும். அரைக் கண்ணியைக் குறைக்க முடியாது. பின்னுபவர்களிடையே வழங்கும் வழக்கம், ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை 8 கண்ணி குறைப்பது. சராசரி வரிசைக்கு 4. பதினொரு முறை குறைத்தால் 8 கண்ணி மிஞ்சும். அவற்றில் நூலைக் கோத்து இழுத்துவிட்டால் உச்சி மூடிக்கொள்ளும். நாலரைக்குச் சற்றுக் குறைவாக இருப்பதால் உச்சி முழுத் தட்டையாகாமல் லேசாக மேடிடும். தலைக்கு அதுதான் வேண்டும். குறைப்பதை இன்னும் குறைத்தால் கூம்புக் குல்லா. நாலரையைத் தாண்டி அவசரப்பட்டால் துணி நெளிந்து சுருங்கும். லாட்வியாவில் பிறந்த கணிதவியலாளர் டைனா டைமினியா 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இந்த நெளிவையே வேண்டுமென்று வரவழைத்தார். குரோஷா ஊசியால் கண்ணிகளை விகிதம் தவறாமல் பெருக்கிக்கொண்டே போய், எங்கும் சேணம் போல வளைந்து விரியும் மிகைவளையத் தளம் ஒன்றை, மாணவர்கள் கையால் தொட்டுப் பார்க்கும்படி செய்து கொடுத்தார்.

குதிகாலுக்கு வேறு தந்திரம். வரிசையை முடிக்காமல் பாதியில் திரும்பிவிடுவது. நடுவில் வரிசைகள் கூடி, ஓரத்தில் குறைந்து, துணி பைபோலக் குழிகிறது. பாதத்தின் நீளத்தை அளக்க நாடாவும் வேண்டாம். மூடிய முட்டியைச் சுற்றிக் காலுறையைப் பிடித்துப் பார்ப்பது நம்மூர்த் தெருக்கடைக்காரரும் செய்வதுதான். இப்படி உடம்பையே அளவுகோலாக வைத்துக்கொள்ளும் முறையை ஒழுங்காக வகுத்துக் கொடுத்தவர், இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மன். மார்புச் சுற்றின் கண்ணி எண்ணிக்கையை நூறு என்று வைத்து, மற்ற பாகங்களை எல்லாம் அதன் சதவீதமாகச் சொன்னார். ஒரே ஓர் எண்ணை நினைவில் வைத்தால் போதும், வடிவத்தாள் தேவையில்லை. கணவர் ஓட்டும் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையிலேயே பின்னியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

வேனையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் இன்று கையில் வைத்திருப்பது பெரும்பாலும் வட்ட ஊசி: இரண்டு குட்டை முனைகள், நடுவில் வளையும் கம்பி. துணியின் எடை மடியில் விழுகிறது, பக்கத்து இருக்கைக்காரரின் விலாவில் முனை குத்துவதில்லை, ஓர் ஊசி மட்டும் இருக்கைக்கு அடியில் உருண்டு போய்விடுவதும் இல்லை. ஒரு குல்லாவுக்கு 100 கிராம் நூலே தாராளம்.

அந்த நூலும் தீர்ந்துபோனால் பழைய குல்லாவைப் பிரித்துவிடலாம். நெய்த துணியை வெட்டிய பிறகு நூலாக மீட்க முடியாது. பின்னலோ முடிச்சை அவிழ்த்து இழுத்தால் முதல் கண்ணி வரை ஒரே நூலாகத் திரும்பி வரும். பிரித்த நூல் நெளிநெளியாக நிற்கும்; அப்படியே பின்னினால் கண்ணிகள் சீராக வராது. கம்பளியின் கெரட்டின் புரதத்தில் உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் பழைய வளைவிலேயே இறுகிக் கிடப்பதுதான் காரணம். தண்ணீர் உள்ளே போனால் அந்தப் பிணைப்புகள் விடும், உலரும்போது அப்போதிருக்கும் வடிவத்தில் மறுபடி பிடிக்கும். எனவே நூலைச் சிட்டமாகச் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அடியில் சின்ன எடை கட்டித் தொங்கவிடுவார்கள். கம்பளி ஈரத்தை எளிதில் விடாது. அன்றிரவு வண்டி கிளம்புவதாக இல்லையென்றால்தான் இந்த வேலையைத் தொடங்கலாம்.